ஆண்டவனும் அங்காடியும்

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை விட்டு வெளியே வருகிறவர்களில் பாதிப்பேர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். பேராலயத்தைச் சம்பா கோயில் என்றே இன்னும் அழைக்கிற புதுவைவாசிகள், மார்க்கெட்டையும் அரசுப் பதிவேட்டிலுள்ள குபேர் அங்காடி என்ற பெயரால் அழைப்பதில்லை. செபமாலை இருந்த கையில் மீன் பை ஏறுகிறது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, மணிக்கூண்டைச் சுற்றி, பூவும் காய்கறியும் கருவாடுமாய் விரிந்து கிடக்கும் அந்த இடத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே நடை தூரம் கொஞ்சந்தான். அந்தத் தூரத்தைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நினைவே எனக்கு இல்லாதிருந்தது, ஜசிந்தா கெர்கெட்டா என்ற பழங்குடிப் பெண் கவிஞரை வாசிக்கும் வரையில்.

அவருடைய கவிதை ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஒரு பெண், சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடக்கிறாள். வழியில் காய்ந்த மரங்களின் நடுவே ஒரு குறுகிய பாதையைக் காட்டி, இங்கேதான் ஆறு இருந்தது என்கிறாள். நிலத்தின் பிளவைக் காட்டி, மலைகளெல்லாம் இதற்குள்தான் போயின என்கிறாள். சந்தை வந்துவிடுகிறது. கடைக்காரனிடம் அவள் கேட்பது அரிசியோ உப்போ அன்று: கொஞ்சம் மழை, கொஞ்சம் ஈரமண், ஒரு புட்டி ஆறு, தகரத்தில் அடைத்த மலை. விலை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் காசுக்காக முந்தானை முடிச்சை அவிழ்த்தால், அங்கே காசு இல்லை. தன் இருப்பு முழுவதும் அதில் முடிந்து கிடப்பதைக் கண்டு திடுக்கிடுகிறாள்.

இக்கவிதையின் பொருளை எனக்குப் பல ஆண்டுகளாக மீன் கொடுக்கும் ஒரு தாயிடம் ஒருநாள் சொன்னேன். சுறாவை அறுத்துக்கொண்டே கேட்டார். “மழைய எவன் வாத்தியாரே விக்கிறான்? தண்ணியத்தான் கேன்ல விக்கிறான்” என்றார். சற்றுக் கழித்து, கத்தியைத் துடைத்துக்கொண்டு, “முந்தானையில காசு இல்லன்னா, அன்னைக்குத் தண்டல்காரன் வந்துட்டுப் போயிட்டான்னு அர்த்தம்” என்று சேர்த்துக்கொண்டார். கவிதை பற்றி நான் படித்த எந்த விமரிசனத்திலும் இந்த வரி இல்லை. இக்கட்டுரை அவருக்கும் கவிஞருக்கும் நடுவில் நான் நின்று யோசித்ததன் விளைவு என்று கொள்ளலாம்.

ஜசிந்தா கெர்கெட்டா 1983இல் இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தின் மேற்குச் சிங்பூம் மாவட்டத்தில் குத்போஸ் என்னும் சிற்றூரில் ஒராவோன் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஜசிந்தா என்ற பெயரைக் கேட்டதும் பாத்திமாவில் காட்சி கண்ட சிறுமி நம் நினைவுக்கு வருவாள். கெர்கெட்டா என்பது ஒரு பறவையின் பெயர், அக்குலத்தின் குலக்குறி. ஒரே பெயருக்குள் திருமுழுக்கும் காடும் அருகருகே இருக்கின்றன. அம்மாவட்டத்தில்தான் சாரண்டா என்ற பெருங்காடு உள்ளது. மேலே சால மரம். கீழே இரும்புத் தாது. மேலே உள்ளதை நம்பி வாழ்ந்தவர்களுக்கும் கீழே உள்ளதை விரும்பி வந்தவர்களுக்கும் நடந்துவரும் வழக்கே அந்நிலத்தின் நெடுங்கால வரலாறு.

அவர் முதலில் செய்தியாளர், பிறகுதான் கவிஞர். ராஞ்சியில் இதழியல் பயின்று, நாளிதழ்களில் பணியாற்றி, பின்னர் எந்த நிறுவனத்தையும் சாராமல் ஊர் ஊராகச் சென்று எழுதத் தொடங்கினார். 2016இல் ‘அங்கோர்’ என்ற முதல் தொகுதி இந்தியும் ஆங்கிலமுமாக வந்தது. கொல்கத்தாவில் ரூபி ஹெம்பிரோம் என்ற சாந்தாலிப் பெண்மணி நிறுவிய ஆதிவாணி பதிப்பகம் அதை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே செர்மன் மொழிபெயர்ப்போடும் வெளிவந்தது. 2018இல் ‘ஜடோங் கீ ஜமீன்’, அதாவது வேர்களின் நிலம். 2022இல் ‘ஈஸ்வர் ஔர் பாஜார்’. இறைவனும் சந்தையும் என்று பொருள்படும் இத்தொகுதியே நமக்கு இங்கே முதன்மையானது. 2024இல் ‘பிரேம் மேங் பேட் ஹோனா’ என்ற கவிதை நூலும், சிறுவர்க்கான ‘ஜிர்ஹுல்’ என்ற நூலும் வந்தன. கவிஞராகவும் களப்பணியாளராகவும் அவரை இரண்டாகப் பிரிப்பது கடினம். ஊர்களுக்குப் போவதும், அங்குள்ள பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதும், திரும்பி வந்து எழுதுவதும் அவருக்கு ஒரே வேலையின் பகுதிகள்.

எங்கோ வடக்கே உள்ள ஒரு கவிஞர், அதுவும் இந்தியில் எழுதுகிறவர், புதுவையின் கத்தோலிக்க வாசகனுக்கு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு, நாம் நினைப்பதைவிட நெருக்கமான உறவு. ஒராவோன் மக்களின் தாய்மொழியாகிய குடுக்கு, திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பல் அங்கேயும் பல். நம் கண் அங்கே ஃகன். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் பேசும் இம்மொழி, சுற்றிலும் இந்தியும் முண்டாரியும் சாதரியும் சூழ, நம்மிடமிருந்து நெடுந்தொலைவில் தனித்து நிற்கும் உடன்பிறப்பு.

மற்றோர் உறவு திருச்சபை வழியாக வந்தது. 1885இல் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சோட்டா நாகபுரிக்கு வந்தபோது, மறையுரையோடு கூட நிலவழக்குகளையும் கையில் எடுத்தார். செமீன்தார்களுக்கும் வட்டிக்காரர்களுக்கும் எதிராக நீதிமன்றத்தில் துணை நின்ற குருவிடம் மக்கள் ஊர் ஊராக வந்தார்கள். பின்வந்த ஜான் ஹாஃப்மன் அடிகளார், முண்டா மக்களின் நில உரிமை வழக்காறுகளைக் கற்று, 1908ஆம் ஆண்டின் சோட்டா நாகபுரி குடிவாரச் சட்டம் உருவாகத் துணை செய்தார். மறு ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். முண்டா மொழிக்குப் பல தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கண்டார். பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் காக்கும் வேலியாக இன்றும் இருப்பது அந்தச் சட்டமே. 1900இல் ராஞ்சிச் சிறையில் மாண்ட பிர்சா முண்டாவின் கிளர்ச்சி இல்லாமல் அந்தச் சட்டம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குருக்கள் எழுதிக் கொடுத்ததன் அடியில் மக்கள் சிந்திய இரத்தம் இருக்கிறது.

நம் காலத்துக்கு வந்தால், திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்து, ராஞ்சியை அடுத்த நாம்கும் பகைச்சா இல்லத்திலிருந்து பழங்குடி மக்களுக்காக உழைத்த ஸ்டான் சுவாமி அடிகளாரை எவர் மறப்பார்? 2020 அக்டோபர் 8 அன்று 83ஆம் வயதில் கைது செய்யப்பட்டு, விசாரணைக் கைதியாகவே 2021 சூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்காக நம் பங்குகளில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவர் யாருக்காகச் சிறை சென்றாரோ அந்த மக்களின் சொல்லை நாம் வாசித்தோமா? தமிழ்க் குரு ஒருவரின் வாயிலாகவே ஜார்க்கண்டை அறிந்திருக்கிறோம்; ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தியின் வாயிலாக அறிவதில் நமக்கு ஏனோ தயக்கம் இருந்திருக்கிறது.

‘அங்கோர்’ என்றால் தணல். தலைப்புக் கவிதை மிகச் சிறியது. நகரத்து நெருப்பு எரித்துவிட்டுச் சாம்பலாகிறது என்றும், ஊரின் தணலோ ஓர் அடுப்பிலிருந்து மற்றோர் அடுப்புக்குச் சென்று எல்லா அடுப்பையும் மூட்டுகிறது என்றும் அது சொல்கிறது. தீப்பெட்டியை மிச்சம் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்குக் கொட்டாங்கச்சியுடன் போய்க் கங்கு வாங்கி வந்த தலைமுறைக்கு இக்கவிதையை விளக்கத் தேவையில்லை. இதில் பகைவன் பெயர் இல்லை, முழக்கம் இல்லை, ஒரு வீட்டு வேலை மட்டும் இருக்கிறது. கெர்கெட்டாவின் ஆற்றல் இத்தகைய இடங்களில் முழுமையாக வெளிப்படுகிறது என்பது என் கருத்து. போராட்டக் கவிதை என்று பெயர் பெற்ற பலவற்றைவிட இந்தக் கங்கு நெடுநேரம் கையில் சுடுகிறது.

தாய்மொழியின் சாவைப் பற்றி அவர் எழுதியதும் அவ்வகையிலேயே நிற்கிறது. தாயின் வாய்க்குள்ளேயே தாய்மொழி சிறைப்பட்டதாகவும், பிள்ளைகள் அதன் விடுதலையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்துவிட்டதாகவும் அக்கவிதை போகிறது. மொழி தானாகச் சாகவில்லை, கொல்லப்பட்டது. ஆனால் அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. பிள்ளைகளின் சோற்றைப் பற்றிக் கனவு கண்டவள் அவள். அந்தச் சோற்றுக்காகவே தன் சொல்லை விழுங்கினாள். தாயைக் குற்றம் சொல்லாமல் குற்றத்தைச் சொல்லும் இந்த நுட்பம் பெரிது. இக்கவிதையை அவர் எழுதியது இந்தியில் என்பதை நினைத்துப் பாருங்கள். கவிதை தன் சொந்தச் சாட்சியாகத் தானே நிற்கிறது.

நம் பள்ளிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஹாஃப்மன் அடிகளார் ஒரு மொழிக்கு ஆயுளைக் கொடுத்தார். அதே மறைப்பணியின் நீட்சியாக எழுந்த கல்விக்கூடங்களில் வீட்டுமொழி பேசிய பிள்ளைகள் தலைகுனிந்து நின்ற கதை இந்தியா முழுதும் உண்டு. தமிழில் பேசியதற்கு அபராதம் கட்டிய நம் பிள்ளைகளின் கதையும் அதில் அடக்கம். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளில் நடந்தவற்றுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022இல் அந்நாட்டு மண்ணிலேயே மன்னிப்புக் கேட்டார். அது எங்கோ நடந்தது என்று இருந்துவிடலாகாது.

இனி ‘இறைவனும் சந்தையும்’. நூலின் பெயரைத் தாங்கிய கவிதையில் ஒரு மன்னன் வருகிறான். மக்கள் இறைவனை மன்னனாக எண்ணினார்கள். மன்னனில் இறைவனைத் தேடினார்கள். ஒருநாள் அவன் தன்னை இறைவனின் காரியக்காரன் என்று அறிவித்துக்கொண்டு, குடிமக்களின் செல்வமனைத்தையும் எடுத்து மாபெரும் வழிபாட்டுத் தலத்தை எழுப்பி, அந்தப் பெயரில் சந்தையையும் விரித்துவிட்டான். பசித்த தலைமுறைகள் தங்கள் முன்னோரின் சொத்தைத் திருப்பிக் கேட்டு அந்த வாசலிலேயே தலைகுனிந்து அமர்ந்திருக்கின்றன. தங்களுடையதைத் தாங்களே பிச்சையாகக் கேட்கிறார்கள் என்பதுதான் இதன் கொடுமை. இறைவனிடம் செல்லும் மனிதனின் பாதை எதற்காக அங்காடியின் ஊடே போக வேண்டும் என்ற கேள்வியில் கவிதை முடிகிறது.

இதை வாசிக்கும் கத்தோலிக்கனுக்கு உடனே ஒரு தப்பிக்கும் வழி கிடைத்துவிடுகிறது: அவர் சொல்வது வேறு கோயில்களைப் பற்றி, அரசியலைப் பற்றி, நம்மைப் பற்றியன்று என்று நினைத்துக்கொள்ளலாம். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் நினைத்து நிம்மதியடைந்தேன். இரண்டாம் வாசிப்பில், எனக்குத் தெரிந்த ஒரு பங்கின் புதிய கோயில் முகப்பு நினைவுக்கு வந்தது. நுழைவாயிலில் சலவைக்கல், அதில் நன்கொடையாளர் பெயர்கள், தொகை வாரியாகப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருகின்றன. வாரம் தவறாமல் உண்டியலில் போட்டு வந்த கூலிக்காரப் பெண்களின் பெயர்கள் அதில் இல்லை; கல் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் எண்ணிய இடம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே என்பதை அந்தக் கல்லின் அடியில் நின்று நினைத்தேன்.

எருசலேம் ஆலயத்தில் நாணயம் மாற்றுவோரின் மேசைகள் கவிழ்ந்த நிகழ்ச்சியை நற்செய்தியாளர் நால்வருமே எழுதியிருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சியை நாம் தவக்காலத்தில் மறையுரையாகக் கேட்கிறோம். கெர்கெட்டா அதை வாசலில் காத்திருப்பவர்களின் பக்கத்திலிருந்து கேட்கச் செய்கிறார். அரசர்கள் முதல் நூலில் நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னனுக்கு விற்க மறுத்தது விலை போதாததால் அன்று; அது முன்னோரின் உரிமைச் சொத்து என்பதால். பழங்குடி மக்களுக்கு நிலம் என்பது பண்டமன்று, இறைவனும் அங்கே உறங்கும் முன்னோரும் தந்த கொடை என்று 2015இல் வெளியான ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலும் கூறுகிறது. இவ்வளவும் நம் கையில் இருந்தும், மேற்குச் சிங்பூமின் ஒரு பெண் வந்து கேட்ட பிறகே கேள்வி உறைக்கிறதே, அது ஏன்?

புதுவையில் இந்தக் கேள்விக்குப் பழைய முகவரி ஒன்றும் உண்டு. பெரிய மார்க்கெட்டின் அருகிலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. அவருடைய நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய சம்பா கோயிலுக்குள் இருந்த ஒரு சுவரைப் பற்றிப் பேசுகிறது. சுவரின் ஒரு பக்கத்தில் சேரிக் கிறித்தவர். மறுபக்கத்தில் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும். நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே என்று ஒடுக்கப்பட்டோர் திரண்டு சென்று கேட்டபோது குரு சுவரை இடிக்கச் சொன்னார்; இடித்ததும் மறுதரப்பு கொதித்தெழுந்தது. சுவரைப் பற்றி எழுதியவர் கிறித்தவரல்லாத ஒரு வணிகர் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரை நாம் எழுதுவதற்கு 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வரவேண்டியிருந்தது. அந்நூல் வந்தபோது நம்மில் பலர் முகம் சுளித்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்வது நல்லது. கெர்கெட்டாவை வாசிக்க நம்மைப் பழக்கியவர் பாமாவே.

இவ்வளவு ஏற்றுக்கொண்ட பின், கவிஞரோடு ஒரு வழக்கும் எனக்கு உண்டு. அவருடைய கவிதைகளில் சந்தை என்பது எப்போதும் வெளியிலிருந்து வருவது, விழுங்க வருவது. நிறுவனங்களின் சந்தை அப்படித்தான். ஆனால் சந்தை என்ற ஒரே சொல்லுக்குள் வாரச்சந்தையும் இருக்கிறதல்லவா? ஜார்க்கண்டின் வாரச்சந்தைகளில் இலுப்பைப் பூவும் இலைத் தொன்னையும் கீரையும் பரப்பி உட்கார்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். காலை இருட்டோடு எழுந்து கூடை தூக்கி வந்து, விலை பேசி, விற்று, காசைத் தன் முந்தானையிலேயே முடிந்துகொண்டு திரும்பும் அந்த நாள், அவளுடைய வாரத்தில் அவளுக்கே உரிய நாள். பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் பத்து நிமிடம் நின்றால் இதற்குச் சான்று கிடைக்கும். அங்கே குரல் உயர்த்தும் பெண்கள் வீட்டிலும் கோயிலிலும் அப்படிக் குரல் உயர்த்துவதை நான் கண்டதில்லை. முதல் போணியைக் கண்ணில் ஒற்றிச் சிலுவை அடையாளம் வரைந்து, அந்தோணியாருக்கென்று ஒரு நாணயத்தைத் தனியே எடுத்து வைக்கும் அந்த மீன்காரத் தாயின் பாதையும் அங்காடி வழியாகத்தானே ஆண்டவனிடம் போகிறது? அதைப் பாழ்பட்ட பாதை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தகரத்தில் அடைத்த மலையை விற்பவனும் சுறா அறுக்கும் தாயும் ஒரே சொல்லின் கீழ் வருவதில் ஒரு நெருடல் இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், மழை வாங்கப் போன பெண்ணின் கவிதையிலேயே விடை பாதி கிடைக்கிறது. அவள் கையை நீட்டியது தன் முந்தானைக்கு. அந்த முடிச்சு அவளுடையது. சந்தைக்குப் போய்ப் பழகிய பெண்ணின் முடிச்சு. கவிஞரின் கருத்து ஒன்றைச் சொல்ல, அவர் கை மற்றொன்றையும் சேர்த்து எழுதிவிட்டது. நல்ல கவிஞர்களுக்கு இது நேர்வதுண்டு.

மற்றொரு குறை, சில கவிதைகள் கடைசியில் தம்மைத் தாமே விளக்கிக்கொள்வது. படிமம் சொல்லி முடித்ததைக் கேள்வியாக மீண்டும் கேட்டுவிட்டுப் போகின்றன. மேடையில் வாசிக்கும்போது அந்தக் கேள்விக்குக் கைதட்டு எழும். தாளில் அது ஒரு படி கூடுதல். பழங்குடி ஊரின் உள்ளேயே பெண்ணுக்கு நேரும் கொடுமைகளையும் அவர் இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். சூனியக்காரி என்று பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க ஜார்க்கண்டு 2001இலேயே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சிங்பூமின் ஹோ பெண்களுக்கு நிலத்தில் பங்கு கேட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல்தான் தீர்ப்புரைத்தது. அப்போதும் வழக்காற்றை முற்றிலும் நீக்காமல், நிலத்தைக் கொண்டு வாழும் உரிமையளவில் பெண்களுக்குக் காப்பளித்தது. நிலம் முன்னோர் தந்தது என்றால், முன்னோரின் பெண்மக்களுக்கும் அது தந்ததாக வேண்டும். வெளியாரைக் கேட்கும் அதே கூர்மையோடு வீட்டாரையும் கேட்கத் தகுந்த குரல் அவருடையது. ஆகவேதான் இந்த எதிர்பார்ப்பு.

சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடைவெளி உண்டா என்று பார்க்கிறவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2023இல் ‘இறைவனும் சந்தையும்’ நூலுக்கு ஒரு பெரிய செய்தித் தொலைக்காட்சியான ஆஜ் தக் இளம் எழுத்தாளருக்கான விருதை அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் முதல் மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. பழங்குடி மக்களின் உயிருக்கு மதிப்பில்லாத நேரத்தில், அவர்களின் துயரை உரிய மதிப்போடு காட்டாத ஊடகத்தின் விருது தமக்கு மகிழ்ச்சி தராது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ‘ஜிர்ஹுல்’ நூலுக்கு ரூம் டு ரீட் அமைப்பும் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையும் சேர்ந்து வழங்கவிருந்த சிறுவர் இலக்கிய விருதையும் மறுத்தார். பாலஸ்தீனத்தில் குழந்தைகள் கொல்லப்படும்போது, ஆயுதம் செய்யும் போயிங் நிறுவனத்தோடு உறவு வைத்த ஓர் அமைப்பின் கையால் குழந்தை நூலுக்குப் பரிசு வாங்க மாட்டேன் என்றார். மறுப்பதும் விளம்பரம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். அந்த விளம்பரத்துக்காகப் பரிசுப் பணத்தை விட்டுக்கொடுக்கும் எழுத்தாளர்கள் நம் ஊரில் எத்தனைபேர் என்று எண்ணத் தொடங்கி, ஒரு கையின் விரல்களே மிஞ்சிவிட்டதால் பேச்சை மாற்றினோம்.

‘ஜிர்ஹுல்’ ஒரு பூவின் பெயர். பழங்குடி மக்கள் உணவாகவும் மருந்தாகவும் கொள்ளும் பூக்களைப் பற்றிய சிறுவர் கவிதைகள் அவை. பூ என்றால் நமக்குக் கொண்டையும் பீடமும் கல்லறையும். சமைப்பதற்குப் பூ வாங்கும் வழக்கம் வாழைப்பூவோடும் முருங்கைப்பூவோடும் நம்மிடம் நின்றுவிட்டது. அந்நூலைப் படித்தபின் பெரிய மார்க்கெட்டின் பூக்கடைப் பக்கம் நடந்தபோது, அங்குள்ள சாமந்திக் குவியலும் எனக்குக் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரிந்தது.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. பல நாள் கண்ணில் பட்டிருக்கும், அன்றுதான் பார்த்தேன். மீன் கட்டடத்துக்கு வெளியே, மேசையும் கூரையும் இல்லாத இடத்தில், அன்னக்கூடையில் ஈரச்சாக்கு போட்டு உயிர் நண்டு வைத்துக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண். கழிமுகத்தில் கையாலேயே துழாவிப் பிடித்தவை. இருளர் சமூகத்தவர். புதுச்சேரியில் பழங்குடியினர் என எவரும் இல்லை என்றே 2016 வரை அரசின் ஏடுகள் சொல்லிவந்தன. 2011 கணக்கெடுப்பில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. 2016 டிசம்பரில்தான், வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளர் இவ்வூரின் பழங்குடியினராகக் குடியரசுத் தலைவரின் ஆணையால் முதன்முறை அறிவிக்கப்பட்டார்கள். ஜார்க்கண்டின் பழங்குடிக் கவிஞரைப் பற்றி எழுதுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டு திரிந்த நான், சம்பா கோயிலுக்கும் மணிக்கூண்டுக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் நடந்தும், இவரிடம் ஒரு நண்டும் வாங்கியதில்லை.

விலை கேட்டேன். சொன்னார். பேரம் பேசாமல் வாங்கினேன்; அதுவும் சரியா என்று தெரியவில்லை, பக்கத்திலிருந்த மீன்காரத் தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் அடிக்காசு வசூலிப்பவர் சீட்டுக் கட்டோடு வந்துவிட்டார். இடமே இல்லாத இடத்துக்கும் அடிக்காசு உண்டு. அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.